நான்காவது வரிசை

2141 ஆகஸ்ட் 2, காலை 9.10
ஒட்டுண்ணிக் கூடம், ஒக்காட்டர் பள்ளம், சீரீஸ் குறுங்கோள்

அறை வெப்பம் ஆறு டிகிரி. ஹீட்டருக்கு இன்றும் மின்சாரம் ஒதுக்கப்படவில்லை. காற்று சரி. கம்பிவண்டி இரண்டு விரால்களைக் கொண்டுவந்தது. தசையில் வழக்கமான புழுக்கள், சுருண்டு, உறைக்குள். எடுத்துப் பதப்படுத்தினேன்.

இதைப் படிக்க நேர்பவருக்குச் சில விவரங்கள். என் பெயர் நப்பின்னை. மீன்களில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களை இனம் பிரிப்பது என் வேலை. பள்ளத்தின் மறுபுறம் தளம் இருக்கிறது. அங்கே பத்துப் பேர். இங்கே நான் மட்டும். உயிருள்ள ஒட்டுண்ணிகளைத் தளத்துக்குள் திறக்கக் கூடாது என்பது விதி. அதனால் இடையே ஒரு வெள்ளை உப்புவெளி, ஒரு கம்பிவண்டி, ஒரு ரேடியோ.

தளத்தின் தொட்டிகளில் விரால் வளர்க்கிறோம். பூமியிலிருந்து வந்த முதல் மீன்களோடு இந்தப் புழுவும் வந்துவிட்டது. இதன் உறவினர்கள் மூன்று வகை. தலைக்குமிழில் உள்ள கொக்கி வரிசைகளை எண்ணித்தான் பிரிக்கிறோம். மூன்று வரிசை என்றால் தீங்கில்லாதது. மனித வயிற்றில் செத்துவிடும். நான்கு வரிசை என்றால் அலைபுழு; குடலைத் துளைத்து, தோலுக்கடியில் அலைந்து, சில சமயம் கண்ணுக்கும் மூளைக்கும் போகும். ஐந்து வரிசை என்றால் தங்குபுழு. ஓரிடத்தில் உட்கார்ந்து வளரும். மரபணு படிக்கும் கருவி பயணத்திலேயே உறைந்து கெட்டுவிட்டது. ஆகவே எண்ணுவதும் அளப்பதும்தான்.

எங்கள் புழு மூன்று வரிசை. ஆனால் பூமியின் மூன்று வரிசைப் புழுவைவிடக் குட்டை, தடிமன். அறுபது புழுக்களை அளந்து, புதிய இனம் என்று எழுதி அனுப்பினேன். நேற்று பூமியிலிருந்து ஒப்புதல் வந்தது. தீங்கில்லாத புதிய இனம். மீன்தொட்டியையும் அடுப்பையும் ஒருசேரப் பார்க்கும் லூர்து மச்சாடோவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறேன். எங்கள் துறையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிடித்தவர்களின் பெயரைப் புழுவுக்குச் சூட்டுவோம்.

இதுவரை எந்த மீனையும் பத்து நாள் வெளியே உறையவைத்த பிறகே சாப்பிட வேண்டும் என்றிருந்தது. புழு சாகும், மீனும் பஞ்சாகிவிடும். தளத் தலைவர் கதிரேசன் இன்று அந்தத் தடையை நீக்கினார்.

லூர்து அண்ணனின் அழைப்பு:
"ஏ பிள்ள, நெசமாவே எம்பேரையா வச்சிருக்க? எங்கம்ம கேட்டா வெளக்கமாத்த எடுத்துட்டு வருவா. ஊரு ஒலகத்துல கப்பலுக்கு வைப்பான், தெருவுக்கு வைப்பான், நீ புழுவுக்கு வச்சிருக்க பாரு."
"நல்ல புழு அண்ணா. யாருக்கும் கெடுதல் செய்யாது."
"அப்ப சரி. அது நம்ம கொணம்தான். சாப்டியா?"

தினமும் கடைசியில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.


ஆகஸ்ட் 5, பிற்பகல் 2.30

தூத்துக்குடியில் இன்று பனிமய மாதா திருவிழா. சுற்றிலும் பனிக்கட்டியாக இருக்கும் இடத்தில் பனிமாதாவுக்கு விழா எடுக்காமல் விட்டால் பாவம் என்று லூர்து அண்ணன் ஒரு மாதமாகச் சொல்லிவந்தார். தொட்டியில் பிடித்த பச்சை விரால். தேங்காய்ப்பால் பொடியில் சொதி. இங்கே காற்றழுத்தம் குறைவு. பூமியைவிடக் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். மீனைக் கடைசியில் போட்டு உடனே இறக்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு:

"பச்ச மீனு பிள்ள. போட்டு வேக வச்சிட்டே இருந்தா ஒடஞ்சி போவும். சொதில மீனு முழிச்சிட்டு இருக்கணும்."

எனக்கும் ஒரு பிளாஸ்க் கம்பிவண்டியில் வந்தது. திறந்ததும் ஆவி மெதுவாக, சோம்பேறித்தனமாக மேலே போயிற்று. இங்கே எல்லாமே அப்படித்தான் போகும். முழுவதையும் குடித்தேன். பிளாஸ்கை விரலால் வழித்தேன். அங்கே யாரோ பாடுவது ரேடியோவில் கேட்டது. மருத்துவர் பரீதா சிரித்துக்கொண்டிருந்தார். நான் எழுதிய ஒரு கட்டுரையால் பத்துப் பேர் ஒரு வேளை மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் பதிவு செய்கிறேன்.


ஆகஸ்ட் 7, காலை 11.40

கதிரேசன் பரிசாக எனக்கு இரண்டு மணி நேர ஹீட்டர் ஒதுக்கினார். "பூமியில பாராட்டியிருக்காங்கம்மா, கொஞ்சம் கை காயவச்சுக்க" என்றார்.

அறை சூடேறியது. மேசையில் ஒரு தட்டில் உப்புநீர், அதில் காலையில் எடுத்த உயிருள்ள புழுக்கள். நீர் வெதுவெதுப்பானதும் அவை நீள ஆரம்பித்தன.

நீண்டன. பாதி அளவு கூடின. பிறகும் நீண்டன. கழுத்துப் பகுதியின் தோல் மடிப்பு விரிந்தது. மடிப்புக்குள்ளிருந்து கொக்கிகள் வெளியே வந்தன.

நான்காவது வரிசை.

எப்படி நடந்தது என்று எழுதிவிடுகிறேன். புழுவை எடுத்ததும் முதலில் வெதுவெதுப்பான உப்புநீரில் தளரவிட வேண்டும். பிறகு சூடான திரவத்தில் கொல்ல வேண்டும். அப்போதுதான் நீண்டபடி சாகும். மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் இது. குளிர்ந்த திரவத்தில் நேராகப் போட்டால் புழு சுருங்கிச் சாகும்; குட்டையாகும், தடிக்கும், தலை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்கு ஹீட்டர் இல்லை. அறுபது புழுக்களையும் குளிரில் போட்டேன். கட்டுரையின் செய்முறைப் பகுதியில், எல்லோரும் எழுதும் வாக்கியத்தையே எழுதினேன்: "வெதுவெதுப்பான உப்புநீரில் தளர்த்திய பின் பதப்படுத்தப்பட்டன." பொய் சொல்லும் எண்ணத்தோடு எழுதவில்லை. என் கை பழக்கத்தில் எழுதியது. பூமியில் படித்துப் பார்த்தவர்கள் அந்த வாக்கியத்தை நம்பினார்கள். நம்பாமலிருக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

நான் கண்டுபிடித்தது புதிய இனம் அல்ல. குளிரில் சுருங்கிய அலைபுழு.

அல்லது: இந்த ஐந்தாறு புழுக்கள் மட்டும் அலைபுழுவாக இருக்கலாம். தொட்டியில் இரண்டு இனமும் கலந்திருக்கலாம். ஐந்தாறை வைத்து ஒரு முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது. குறைந்தது முப்பது வேண்டும். அதுவரை தளத்தைக் கலவரப்படுத்தக் கூடாது.

மேலே உள்ள பத்தியை இரண்டு முறை படித்தேன். நியாயமாகத்தான் இருக்கிறது.


ஆகஸ்ட் 8, மாலை 4.15

கைச்சூட்டில் குப்பியைப் பிடித்துப் புழுக்களைத் தளர்த்துகிறேன். பன்னிரண்டு முடிந்தது. பன்னிரண்டிலும் நான்கு வரிசை. ஒன்றில் நான்காவதற்கும் கீழே இரண்டு உதிரிக் கொக்கிகள். நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பெரிய மீனில் இருந்தது சிறியது, சிறிய மீனில் இருந்தது பெரியது.

ஒரே புழுவை ஒரு நாட்டில் பூனையிலிருந்து எடுத்து ஒரு பெயரும், வேறொரு நாட்டில் நாயிலிருந்து எடுத்து இன்னொரு பெயரும் வைத்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். படிக்கும்போது சிரித்திருக்கிறேன். உடன்பிறந்த இருவர் உயரத்தில் ஒத்திருப்பதில்லை. புழுவிடம் மட்டும் எல்லாம் ஒத்திருக்க வேண்டுமென்று எதிர்பார்த்தார்களே என்று. அவர்களிடம் பொய் வாக்கியம் இருந்ததா என்று தெரியவில்லை. கவனக்குறைவுதான் இருந்திருக்கும்.

லூர்து அண்ணன் அழைத்தார்:
"பிள்ள, ஒரு வேடிக்கை கேளு. நேத்து காலைல இடது கன்னத்துல ஒரு வீக்கம். பல்லுவலின்னு நெனச்சேன். இன்னைக்குப் பாத்தா அங்கன இல்ல, கண்ணுக்குக் கீழ வந்துட்டு. இங்கன கொசுவும் கெடையாது. என்ன சவமோ."
"பரீதா டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"
"இதுக்குப் போயி டாக்டரா? ஐஸக் கட்டினேன், அரிப்புதான் நிக்கல. ஏன், உன் புழு மேல எதும் சந்தேகமா?"

சிரித்துக்கொண்டே கேட்டார். பத்திரிகைக்காரனைப்போல் குரலை மாற்றி, விளையாட்டாக.

"இல்லண்ணா. ஒவ்வாமையா இருக்கும்."
"அதான பாத்தேன். எம்பேரு வச்ச புழு என்னைய கடிக்குமா? சாப்டியா?"

நகரும் வீக்கம். அலைபுழுவின் அடையாளமாக எல்லா நூலிலும் முதலில் சொல்லப்படுவது அதுதான். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் ஒவ்வாமை என்றேன்.

பிறகு உட்கார்ந்து இன்னும் நான்கு புழுக்களை அளந்தேன்.


ஆகஸ்ட் 10, காலை 8.05

முப்பது. முப்பதிலும் நான்கு வரிசை.

கதிரேசனையும் பரீதாவையும் ஒன்றாக அழைத்துச் சொன்னேன். சுருக்கமாக, தொழில்நுட்பச் சொற்களில். அந்தச் சொற்களுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது.

கதிரேசன்: "ஏம்மா, நீ கையெழுத்துப் போட்டுத்தானே நான் தடைய எடுத்தேன்?"
"ஆமா சார்."
"எப்பத் தெரியும்?"
"உறுதியானது இன்னைக்குத்தான் சார்."

அது உண்மை. அந்த உண்மையை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தேன் என்பது இந்தப் பதிவுக்கு மட்டும் தெரியும்.

பரீதா: "பின்னை, இதக் கேளு. புழு குடல், ஈரல்னு சுத்துற முதல் சில நாள்லதான் மருந்து நல்லா வேலை செய்யும். அஞ்சாவது நாளாச்சு. இப்பவே எல்லாருக்கும் குடுக்கறேன். ஆனா ஸ்டாக் குறைவு, தளத்துல இருக்கறவங்களுக்கே சரியாப் போயிடும். நீ சாப்பிட்டியா அந்த சொதி?"
"இல்ல டாக்டர். அன்னைக்கு வயிறு சரியில்ல. கொட்டிட்டேன்."
"நல்லதாப் போச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கத் தேவையில்லை.


ஆகஸ்ட் 11, காலை 10.20

லூர்து அண்ணனுக்கு மட்டும் பரீதா மருந்து கொடுக்கவில்லை. நேற்று முன்தினம் மாலையிலிருந்தே அவருக்குத் தலைவலி, இடது கண்ணில் மங்கல். கன்னத்தில் ஒரு புழு தோலருகே வந்தபோது பரீதா கீறி எடுத்துவிட்டார். ஆனால் உள்ளே இன்னொன்று இருக்கிறது. தலையில்.

எடுத்த புழு கம்பிவண்டியில் வந்தது. கூடவே ரேடியோவில் பரீதாவின் குரல்:

"தெளிவாச் சொல்றேன். அலைபுழுன்னா நான் கொல்லக் கூடாது. தலைக்குள்ள செத்துச்சுன்னா மூளை வீங்கிடும், ஆள் போயிடுவாரு. வீக்கத்த மட்டும் குறைச்சிட்டு, அது தானா நகர்ந்து வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்கணும். தங்குபுழுன்னா நேரெதிர். இன்னைக்கே கொல்லணும், இல்லன்னா வளர்ந்துடும். எதுன்னு நீதான் சொல்லணும். மத்தியானத்துக்குள்ள."

இம்முறை முறைப்படி தளர்த்தினேன். கையில் பிடித்து, மூச்சு விட்டு, நீரைச் சூடாக்கி. நீண்டது. எண்ணினேன்.

நான்கு முழு வரிசைகள். அதன் கீழே ஐந்தாவது ஒன்று. முழுதாக இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும், உடைந்த சீப்புப் பற்கள்போலச் சில கொக்கிகள்.


ஆகஸ்ட் 11, காலை 11.50

இது தங்குபுழுவின் சிதைந்த ஐந்தாம் வரிசையா? மனித உடலுக்குள் வளர்ந்ததால் அலைபுழுவுக்குக் கூடுதலாக முளைத்ததா? ஒரே ஒரு புழு. முப்பது கேட்டவள் நான். இப்போது ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் தலைக்குள் இருப்பதற்குப் பெயர் சொல்ல வேண்டும்.

கடந்த சில நாட்களில் அளந்த முப்பதையும் மறுபடி பார்த்தேன். ஏழில் உதிரிக் கொக்கிகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு, ஒன்றில் நான்கு. அவற்றுக்கும் முழு நான்கு வரிசைக்கும் இடையே எங்கும் ஒரு வெட்டு இல்லை, படிப்படியாகக் கூடுகிறது; அவரிடம் எடுத்த புழுவும் அதே படிகளில் ஒன்றில்தான் நிற்கிறது. இரண்டு இனம் என்றால் நடுவே ஓர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லை.

நான் பயந்து கடத்திய நாட்களில் எடுத்த அளவுகள்தான் இப்போது விடை சொல்கின்றன. அதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள மாட்டேன். அந்த நாட்களில்தான் புழு அவர் கன்னத்திலிருந்து மேலே ஏறியது.

பரீதாவிடம் சொன்னேன்: "அலைபுழுதான் டாக்டர். கொல்லாதீங்க."
"உறுதியா?"
"போன தடவையும் உறுதியாத்தான் இருந்தேன்."
"அது எனக்குத் தெரியும். இப்ப என்ன சொல்ற?"
"கொல்லாதீங்க."


ஆகஸ்ட் 19, மதியம் 12.30

லூர்து அண்ணன் பிழைத்துவிட்டார். புழு கண்ணின் முன்பகுதிக்கு வந்தது, பரீதா எடுத்துவிட்டார். அலைபுழு. சந்தேகமே இல்லாத அலைபுழு. இடது கண்ணில் பார்வை இல்லை. திரும்பாது. மற்ற ஒன்பது பேருக்கும் இதுவரை ஒன்றுமில்லை.

அழைத்தார். குரல் தளர்ந்திருந்தது.

"பிள்ள, டாக்டரம்மா சொன்னா, நீ மட்டும் சரியாச் சொல்லலன்னா என்னைய இந்நேரம் உப்புல பொதச்சிருப்பாங்கன்னு. ஊரு உப்பளத்துலருந்து தப்பிச்சி வந்து இங்கன உப்புலயா போவணும்? ஒரு கண்ணு போனா என்ன, ஒண்ணு கெடக்குல்லா. மீனுக்கு உப்பு பாக்க கண்ணா வேணும்?"

மூக்கை உறிஞ்சினேன்.

"அழுறியா? ஏ கூறுகெட்ட பிள்ள. தப்புன்னா எல்லாருந்தான் பண்ணுவா. சாப்டியா?"

மருந்தில் அவருக்கென ஒதுக்கிய பங்கு மீதியிருக்கிறது. கேட்டால் கிடைக்கும். கேட்க வேண்டுமென்றால் சொதியைக் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். இவ்வளவு நாள் கழித்து அது பெரிதாக வேலை செய்யாது என்றும் எனக்குத் தெரியும். கேட்கவில்லை.


ஆகஸ்ட் 23, காலை 9.45

பூமிக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். செய்முறை வாக்கியம் பொய் என்று வெளிப்படையாக எழுதினேன். கதிரேசனுக்கும் பிரதி போயிற்று, தேதிகளோடு. அவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: "படித்தேன். அடுத்த கப்பலில் நீ திரும்புகிறாய்."

லூர்து அண்ணனுக்கு நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்பை ஏமாற்றி வாங்கி வைத்திருப்பதுபோல் இருந்தது. அவர் மன்னித்தது வேறொரு தப்பை.

"அண்ணா, நீங்க கன்னம் வீங்கியிருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும்."
"என்ன தெரியும்?"
"அது அலைபுழுன்னு. எண்ணிப் பாத்துட்டேன். உங்ககிட்ட ஒவ்வாமைன்னு சொன்னேன்."

அவர் பக்கம் தொட்டியின் காற்றுக்குழாய் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் சிரிச்சிட்டுக் கேட்டேம்லா, புழு மேல சந்தேகமான்னு. அப்பவும் தெரியும்?"
"தெரியும்."
"அன்னைக்கே மருந்து குடுத்திருந்தா?"
"கண்ணுக்குப் போயிருக்காதுன்னு நெனைக்கிறேன்."
"நெனைக்கிறியா?"
"போயிருக்காது."

பிறகு, என்னிடம் அதுவரை பேசியிராத ஒரு குரலில், "சரிங்க மேடம்" என்றார். வைத்துவிட்டார்.


ஆகஸ்ட் 26, மாலை 5.00

அழைப்பு இல்லை. மீன் வருகிறது, முறைப்படி உறையவைத்து, சிட்டை ஒட்டி. சிட்டையில் எடை மட்டும்.

வலது புருவத்தில் அரிப்பு. நேற்றுக் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

பரீதாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் உப்புவெளியைத் தாண்டி அவர் வர வேண்டியிருக்கும், அல்லது விதியை மீறி என்னை உள்ளே எடுக்க வேண்டியிருக்கும். தோலருகே வந்தால் நானே எடுக்கிறேன். கத்தி இருக்கிறது. கண்ணாடி இருக்கிறது.

மேலே உள்ளதும் நியாயமாகத்தான் இருக்கிறது. என் நியாயங்கள் எல்லாம் இதே நடையில் வருகின்றன.


ஆகஸ்ட் 28

கொல்லும் மருந்து இனி கூடாது. கொல்லாதீங்க என்று நானே சொன்னது. வலது கண்ணில் ஒளியைச் சுற்றி வளையம். வேலை செய்ய முடிகிறது. பழைய அறுபது புழுக்களையும் மறுபடி எண்ணுகிறேன். சுருங்கியவற்றின் கழுத்து மடிப்பை ஊசியால் விலக்கினால் நான்காவது வரிசை தெரிகிறது. எல்லாவற்றிலும். அன்றைக்கே ஊசி இருந்தது. விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது என்று தோன்றிய பிறகு யார் விலக்கிப் பார்ப்பார்கள்.


ஆகஸ்ட் 30, காலை

நேரம் பார்க்கவில்லை. கடிகார எண்கள் சரியாகத் தெரியவில்லை.

நுண்ணோக்கியில் ஒரு கண்ணாடிச் சில்லு. மாதிரி எண் 41. வலது கண்ணால் பார்த்தேன். அழகாக நீண்ட ஒரு புழு. 41 குளிரில் செத்தது, சுருங்கியது. இப்படி இருக்க முடியாது. சில்லை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சில்லை இடப்பக்கம் நகர்த்தினேன். 41 நகர்ந்தது. நீண்ட புழு நகரவில்லை.

சில்லை எடுத்துவிட்டேன்.

விளக்கு மட்டும். வெள்ளை வட்டம். அதில் அது இருக்கிறது. மெதுவாகத் தலையைத் திருப்புகிறது. நிழல்தான், ஆனாலும் இவ்வளவு முழுதாக, இவ்வளவு தளர்ந்து, நான் இதுவரை ஒரு புழுவையும் பார்த்ததில்லை. என் கண்ணின் வெதுவெதுப்பில் இருக்கிறது. சரியான முறை.

ரேடியோவை எடுத்து எல்லாம் சொன்னேன். பரீதா வருகிறேன் என்கிறார். பின்னால் லூர்து அண்ணன் குரல் கேட்டது, எனக்கல்ல, யாரிடமோ: "எது, சொதிய அவளும் குடிச்சாளா?" அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும். அளவுகோல் வேண்டும். ஒரு கண்ணால் கோடு நேராக வரவில்லை.

நீளம்: தெரியாது.
வரிசை: எண்ண முயல்கிறேன். ஒன்று. இரண்டு. மூன்று

அது திரும்பிக்கொண்டது